பதினெட்டாவது கிலோமீட்டர்

2007 ஜூன் 13, புதன்கிழமை, பிற்பகல் 2 மணி 52 நிமிடம். வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. வெயில் வெளுத்துக் கிடந்தது. மேற்கிலிருந்து ஆனி மாதத்துக் காற்று இரண்டு நாள் முந்தியே கிளம்பி வந்து, சாலையோரத்துச் சீமைக்கருவேலங்களை ஒரே பக்கமாகச் சாய்த்துக்கொண்டிருந்தது. விருதுநகரிலிருந்து சாத்தூர் போகும் சாலையில், எங்கள் வீட்டு வாசலிலிருந்து சரியாகப் பதினெட்டு கிலோமீட்டர் தாண்டிய இடத்தில், என் கார் ஒரு முறை உலுக்கியது.

பின்னால் யாரோ இடித்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் ஒருவருமில்லை. தார்ச்சாலையின் மேல் கானல், ஊற்றி வைத்த தண்ணீர் போல அசைந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்த என் மனைவி கண் விழித்துவிட்டாள்.

"யாரும் இடிச்சுட்டாகளா?"

இல்லை, ரோடு சரியில்லை என்றேன். அவள் ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தாள். நான்கு வழியாக்குவதற்காகப் புதிதாகப் போட்ட பகுதி அது. ஒரு பள்ளம் கிடையாது. அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் தூங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். தூங்கும்போது அவளுடைய இடது கை விரல்கள் மெல்ல விரியும். அன்று விரியவில்லை.

அவள் தூங்க ஆரம்பித்துப் பத்தொன்பது நிமிடம்தான் ஆகியிருந்தது.

இதை ஏன் எண்ணினேன் என்று சொல்ல வேண்டும். நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கிடங்குப் பொறுப்பாளனாக முப்பத்தோரு வருடம் இருந்தவன். தாயில்பட்டிப் பக்கம், ஊருக்கு வெளியே, கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தக் கம்பெனி. பெட்டிகளை எண்ணுவது, கதவுகளை எண்ணுவது, உள்ளே போன ஆட்களையும் வெளியே வந்த ஆட்களையும் எண்ணுவது, இவைதான் என் வேலை. எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற புத்தி போகவில்லை. படி, விளக்குக் கம்பம், மாத்திரை, காக்கை, எதுவானாலும் எண்ணிவிடுவேன். ஆனால் நான் எண்ணியவற்றிலேயே எனக்கு முக்கியமானது என் மனைவியின் தூக்கம்.

அவளுக்குத் தூக்கம் போய்ப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. 1992இல் எங்கள் கம்பெனியில் ஒரு விபத்து. லோடு ஏற்ற வந்த லாரியின் பேட்டரிக் கம்பியில் ஒரு பொறி. வண்டி உள்ளே வந்ததும் இன்ஜினை நிறுத்த வேண்டும், முன்மூடியைத் திறந்து பேட்டரிக் கம்பியைக் கழற்றி வைக்க வேண்டும், லோடு ஏறிக் கிடங்கைப் பூட்டிய பிறகுதான் மாட்ட வேண்டும் என்று எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. பலகையில் எழுதியும் மாட்டியிருந்தார்கள். அன்று சீசன் அவசரம், கழற்றவில்லை. வாசலில் பொறுப்பில் இருந்தவன் நான். உயிர்கள் தப்பின, என் இடது கணுக்கால் தப்பவில்லை. அது இன்றுவரை மடங்காது. தகவல் போய்ச் சேரும் வரை என் மனைவி வாசலில் ஏழு மணி நேரம் நின்றிருக்கிறாள். அன்று விட்ட தூக்கம் பிறகு அவளிடம் திரும்பவில்லை. படுப்பாள், கண்ணை மூடுவாள், எதையோ கேட்டுக்கொண்டே இருப்பாள். மதுரையில் இரண்டு டாக்டர்கள், நான்கு வகை மாத்திரைகள். எதற்கும் கேட்கவில்லை.

2005இல் எங்கள் மகன் வெளிநாட்டுக்குப் போகும்போது சென்னையில் ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோமேட்டிக் காரை என்னிடம் விட்டுப் போனான். கிளட்ச் கிடையாது, இடது காலுக்கு வேலை கிடையாது. கியரை வண்டியே மாற்றிக்கொள்ளும். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு நான் மறுபடி ஓட்டினேன். அந்த வருடம் டாக்டரைப் பார்த்துவிட்டு மதுரையிலிருந்து திரும்பும்போது, திருமங்கலம் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டதே என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் வேகத்தை நாற்பதுக்குக் குறைத்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. இருபத்திரண்டு நிமிடம் தூங்கினாள்.

அதற்கு மறுநாளிலிருந்து தினமும் பிற்பகல் 2.25க்குக் கிளம்புவோம். எண்ணெய் ஆலைகளையும் மிளகாய் வத்தல் மூட்டைகள் அடுக்கிய கிட்டங்கிகளையும் தாண்டி ஊரை விட்டு வெளியே வருவதற்குள் எட்டு நிமிடம் ஆகிவிடும். அதற்குள் அவள் விரல்கள் விரிந்துவிடும். சாத்தூர், அங்கிருந்து இருக்கன்குடி; அம்மன் கோயிலுக்கு முன்னால் நிறுத்தாமல் ஒரு வட்டம் அடித்து அதே வழியில் திரும்புவோம். அறுபத்தாறு கிலோமீட்டர். அம்மனுக்கு நேரே வரும்போது ஸ்டியரிங்கிலிருந்து வலது கையை மட்டும் எடுத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அந்த ஜூன் வரை இரண்டு வருடத்தில் என் மனைவி இருக்கன்குடிக்கு ஐந்நூறு தடவைக்கு மேல் போயிருந்தாள். ஒரு தடவைகூடக் கோபுரத்தைப் பார்த்ததில்லை.

கம்பெனியில் மிச்சமாகிப் போன ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு எழுதிவந்தேன். தேதி, கிளம்பிய நேரம், வெயிலா மேகமா, ஓடிய தூரம், தூங்கிய நேரம், வீட்டை அடைந்த நேரம், விழித்த நேரம். ஜூன் 12 வரைக்கும் சராசரி எடுத்தால் தூக்கம் தொண்ணூற்று மூன்று நிமிடம்.

ஜூன் 13க்குப் பிறகு அந்தக் கட்டத்தில் எண்கள் சிறுத்துப் போயின. பத்தொன்பது, பதினெட்டு, இருபது, பதினெட்டு. தினமும் அதே இடத்தை நெருங்கும்போது உலுக்கல் வந்தது. ஒருமுறை வந்துவிட்டால் அதன் பிறகு ஒவ்வொரு கியர் மாறும்போதும் வரும். வீட்டில் நிறுத்தி மறுநாள் எடுத்தால் முதல் பதினெட்டு கிலோமீட்டருக்கு வண்டி பழையபடி வெண்ணெய் போலப் போகும். அங்கே ஒரு சூரியகாந்திக் காடு இருந்தது. பூக்கள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மேற்கே சாய்ந்திருக்கும். அந்த மஞ்சள் கண்ணில் பட்டதும் அவள் விரல்களைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். அந்த இடத்துக்குத்தான் ஏதோ ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். படித்தவன்தான், இருந்தாலும் நினைத்தேன். ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். காலையில் உலுக்கல் சாத்தூருக்கு அருகில், இருபத்துநான்காவது கிலோமீட்டரில் வந்தது. ஒரு நாள் பிற்பகல் வேறு ரோட்டில், மல்லாங்கிணறு பக்கமாகப் போனேன். பதினெட்டு. அந்தச் சூரியகாந்திகளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

மதுரையில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டேன். குளிர்சாதன அறையில் என்னை உட்கார வைத்துவிட்டு, அரை நாள் கழித்து வந்து, கம்ப்யூட்டரில் ஒரு குறையும் தெரியவில்லை, அப்படியானால் கியர்பாக்ஸ் உள்ளே தேய்ந்திருக்கிறது, முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன தொகைக்கு இன்னொரு பழைய கார் வாங்கலாம். அந்தச் சனிக்கிழமை மகனிடம் போனில் சொன்னேன். அவன் கணக்கில் கெட்டிக்காரன். வண்டியை விற்றுவிடலாம், கோயம்புத்தூரில் ஒருவர் கேட்கிறார், ஜூலைக் கடைசியில் வந்து எடுத்துப் போவார், அம்மாவுக்கு டிரைவரோடு ஒரு வாடகைக் கார் வைத்துக்கொள்ளுங்கள் என்றான்.

டிரைவர் வைத்துப் பார்த்தேன், மூன்று நாள். நல்ல மனிதர், நிதானமாகத்தான் ஓட்டினார். அவள் முதுகை நிமிர்த்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சாலையையே பார்த்தபடி அறுபத்தாறு கிலோமீட்டரும் உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளும் கட்டத்தில் சைபர்.

"அந்நிய ஆம்பள முன்னாடி எப்படிங்க வாயப் பொளந்துட்டுத் தூங்குறது?" என்றாள் மூன்றாம் நாள். அவள் கண்ணுக்குக் கீழே பழைய கருப்பு திரும்ப வந்திருந்தது.

ஆகவே இந்த வண்டிதான் வேண்டும். நான்தான் ஓட்ட வேண்டும். ஜூலைக் கடைசிக்குள் உலுக்கல் நிற்க வேண்டும்.

சாத்தூர் ரோட்டில் ஒரு வாகை மரத்துக்குக் கீழே ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில் செருகியிருப்பார். மதுரைக்காரர்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, "கோடு பாக்காம கியர்பாக்ஸ இறக்குறது பாவம் அண்ணாச்சி" என்றார். வண்டிக்குள்ளே ஒரு சின்னக் கம்ப்யூட்டர் இருக்கிறது, எங்காவது கோளாறு வந்தால் அது ஒரு கோடு எழுதி வைத்துக்கொள்ளும், அதாவது ஒரு குறியீட்டு எண், ஸ்கேனரைச் செருகினால் வாசித்துவிடலாம் என்று விளக்கினார். ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கான ஸ்கேனர் அப்போது விருதுநகரில் கிடையாது. மதுரையில் இருக்கும் அவருடைய மச்சான் புதன்கிழமை தோறும் பஸ்ஸில் கொண்டுவருவார்.

ஜூன் 27, முதல் புதன்கிழமை. முந்திய நாள் உலுக்கிய வண்டியை அப்படியே கொண்டுபோய் மரத்தடியில் நிறுத்தினேன். இறங்கினேன், செய்ய வேண்டியதைச் செய்தேன், பெஞ்சில் உட்கார்ந்து வாகை நெற்றுகள் காற்றில் கிலுகிலுப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் எனக்கே கண் சொருகியது. பாய் கூப்பிட்டதும் எழுந்து போய்ச் சாவியைக் கொடுத்தேன். செருகிப் பார்த்தார்கள். கோடு இல்லை.

ஜூலை 4. இரண்டாவது புதன்கிழமை. அன்று வரும் வழியிலேயே சுற்றிக்கொண்டு ஓட்டி, உலுக்கவைத்து, நேராக மரத்தடிக்கு வந்தேன். அப்போதும் கோடு இல்லை. ஒருமுறை பாயே ஓட்டிப் பார்த்தார். அவர் எட்டு கிலோமீட்டரில் திரும்பிவிட்டார். வண்டி தங்கமாகப் போனது. மச்சான் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கிழவருக்கு மனப்பிராந்தி என்று அதற்கு அர்த்தம். எனக்கும் பாய் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஸ்கேனரே பழுதோ என்று நினைத்தேன்.

வீட்டில் வந்து கோடு வரவில்லை என்று சொன்னபோது என் மனைவி வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"வரலைன்னா அடிமட்டத்த வச்சு ஒண்ணு இழுத்துவிடச் சொல்ல வேண்டியதுதான?" என்றாள். உலுக்கல் ஆரம்பித்த பிறகு அவள் கேலி செய்தது அதுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு அவளே கேட்டாள், அடுத்த புதன்கிழமை நானும் வரட்டுமா என்று.

ஜூலை 11. பிற்பகல் 2.25க்குக் கிளம்பி, பதினெட்டில் உலுக்கி, அவள் விழித்து, திரும்பி மரத்தடிக்கு வந்தபோது மணி 3.20. நான் இறங்கினேன், செய்ய வேண்டியதைச் செய்தேன். என் மனைவி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் வாங்க எதிர்க்கடைக்குப் போனேன். திரும்பும்போது பாய் ஜன்னலோரம் நின்று அவளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்க மதினி. அண்ணாச்சி கனவுல கண்டத வந்து சொல்றாகளோன்னு என் மச்சானுக்குச் சந்தேகம்."

"உலுக்குறது நெசந்தான் தம்பி. முழிக்கிறவ நாந்தான. சரி, சீக்கிரம் பாருங்க. இவுக கம்பியக் கழட்டிட்டாக. மாட்டுனாத்தான உங்க மிஷினு பேசும்?"

"எந்தக் கம்பி?"

"பேட்டரிக் கம்பி. வண்டி நின்னா மொத வேலை அதான். கோயில் வாசல்னாலும் சரி, காய்கறிக் கடைன்னாலும் சரி."

"இங்கன வரும்போதுமா?"

"இந்தா, இப்பக்கூடத் திருகிட்டுத்தான் தண்ணிக்குப் போனாக."

பாய் முன்மூடியைத் தூக்கிப் பார்த்தார். பேட்டரியின் மேல் நான் பொருத்தியிருந்த பச்சைத் திருகு தளர்ந்து கிடந்தது. விபத்துக்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, கம்பெனி வாசலுக்கு வந்த ஒவ்வொரு வண்டியின் கம்பியையும் நானே கழற்றியிருக்கிறேன். என் காருக்கு அந்தத் திருகைச் சிவகாசியில் வாங்கிப் போட்டேன். இடப்பக்கம் இரண்டு சுற்று, இணைப்பு போய்விடும். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது. செருப்பைக் கழற்றினேன் என்று யாரிடமாவது சொல்வோமா? மெக்கானிக் கூப்பிட்டதும் மாட்டிவிட்டுத்தான் சாவி கொடுப்பேன். மதுரையிலும் அப்படித்தான் செய்திருந்தேன்.

பாய் மெதுவாக ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, கரண்டு போச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டருக்கு எழுதுனது அம்புட்டும் அழிஞ்சிரும். மூணு வாரமா பிள்ளை எழுதுன சிலேட்ட வாசல்லயே தொடச்சுட்டு, உள்ள வந்து என்ன எழுதியிருக்குன்னு எங்கள வாசிக்கச் சொல்லியிருக்கீக."

மச்சான் பக்கமாகத் திரும்பிச் சிரித்தார். நான் பக்கத்து வெல்டிங் பட்டறையைக் கையால் காட்டி, அங்கே பொறி பறக்கிறதே என்றேன். குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. பாய் என் இடது காலைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் சிரிக்கவில்லை.

மச்சானுக்கு ஐந்தரை மணிக்கு பஸ். அதற்குள் இன்னொரு முறை ஓட்டிவிடலாம் என்று பாய் சொன்னார். அவர் பின்னிருக்கையில் ஏறிக்கொண்டார். என்னிடமிருந்த நோட்டை வாங்கி மடியில் வைத்துப் புரட்டினார். நான் வெட்கப்பட்டேன், தூக்கக் கட்டமும் அதில்தானே இருக்கிறது.

அந்தப் பயணம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. மேற்கிலிருந்து வெயில் சாய்வாக விழுந்து, காருக்குள் தூசியைப் பொன்னாக்கியிருந்தது. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. ஜன்னல் நிறையப் பெண்கள், தலையில் கனகாம்பரம். ஊரைத் தாண்டியதும் பேச்சு தானாக நின்றது. சற்று நேரம் கழித்துப் பின்னாலிருந்து பாய் குனிந்து என் காதருகே வந்து, மிக மெதுவாக, "மதினி தூங்கிட்டாக" என்றார். பார்த்தேன். விரல்கள் விரிந்திருந்தன. அந்நிய ஆம்பளை முன்னால். பாய் அதன் பிறகு நோட்டின் தாளைக்கூடப் புரட்டவில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு முதுகில் தெரிந்தது. காற்று வண்டியை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளியது. கரிசல் நிலம் இரண்டு பக்கமும் உழுது போட்டபடி, அலை நின்றுபோன கடல் மாதிரிக் கிடந்தது. இந்தத் தடவை வராமலே போய்விட்டால் நல்லது என்று ஒரு மனம். வராவிட்டால் கோடு கிடைக்காதே என்று இன்னொரு மனம். இன்ஜின் சூடாக இருந்ததால் அன்று பதினெட்டு வரை காத்திருக்கவில்லை. பதினொன்றாவது கிலோமீட்டரில் வந்தது.

அவள் கண் திறந்து, "வந்துருச்சா?" என்றாள்.

"வந்துருச்சு மதினி, நல்லா வந்துருச்சு" என்றார் பாய். வாழ்க்கையில் அந்த உலுக்கலுக்காகச் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

மரத்தடியில் நிறுத்தினேன். சாவியைக்கூடத் திருப்ப வேண்டாம் என்று பாய் சொல்லியிருந்தார். ஆனாலும் என் கை முன்மூடியைத் திறக்கும் பிடியை நோக்கிப் போய்விட்டது. எடுத்துக்கொண்டேன். மறுபடி போனது.

"கையை மடியில வைங்க" என்றாள் என் மனைவி.

மச்சான் ஸ்கேனரைச் செருகினார். திரையில் கொஞ்ச நேரம் ஏதோ சுழன்றது. பிறகு ஓர் எழுத்தும் நான்கு எண்களும் வந்து நின்றன. பாய் காதிலிருந்த பென்சிலை எடுத்து என் நோட்டிலேயே அதை எழுதினார். பிரஷர் சோலனாய்டு என்று பக்கத்தில் எழுதி அடிக்கோடு போட்டார்.

கியர்பாக்ஸுக்குள் எண்ணெய்தான் எல்லா வேலையும் செய்கிறது என்றும், அந்த எண்ணெயின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குழாய்த் திருகு மாதிரி ஒரு சின்னச் சாமான்தான் இந்த சோலனாய்டு என்றும், கம்ப்யூட்டர் மின்சாரம் அனுப்பி அதை நடத்துகிறது என்றும் பாய் சொன்னார். அதற்குள் இருக்கும் கம்பிச் சுருள் பழுதானால் கம்ப்யூட்டருக்குச் சந்தேகம் வந்துவிடும். சந்தேகம் வந்தால் அது மின்சாரத்தை நிறுத்திவிடும். எண்ணெய் முழு அழுத்தத்தோடு பாயும். கியர்பாக்ஸ் தேயாமல் காப்பாற்றுவதற்காகத்தான் அப்படி. வண்டி பத்திரம், உள்ளே இருக்கிறவர்களுக்கு உலுக்கல். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரைக் குறை சொல்லத் தோன்றவில்லை. நானும் வேறென்ன செய்துகொண்டிருந்தேன்?

ஆனாலும் கோடு வந்ததும் சாமானை மாற்றிவிடக் கூடாது, வெளியிலே ஒயரில் குறை இருந்தாலும் இதே கோடுதான் வரும் என்று பாய் வண்டிக்குக் கீழே போனார். கம்ப்யூட்டரிலிருந்து கியர்பாக்ஸ் வரை ஒயரை அசைத்துப் பார்த்தார். நன்றாக இருந்தது. கியர்பாக்ஸில் செருகியிருந்ததைப் பிடுங்கி, மின்தடை அளக்கும் மீட்டரை வைத்தார். எண்கள் நிற்காமல் குதித்தன. "நாளைக்குக் காலையில ஆறுனப்புறம் வச்சுப் பாக்கேன், அப்ப நிக்கும் பாருங்க" என்றார். மறுநாள் வைத்தபோது ஐந்து ஓமுக்குக் கொஞ்சம் கீழே அசையாமல் நின்றது. எண்ணெய் சூடேறும்போது மட்டும் சுருள் விட்டுப்போகிறது. வெயிலில் பதினெட்டு கிலோமீட்டர், காலைக் குளிர்ச்சியில் இருபத்துநான்கு என்று நான் எழுதியிருந்தது அதற்குச் சரியாகப் பொருந்தியது. "இந்த நோட்டு ஒரு ஸ்கேனர் அண்ணாச்சி" என்றார். மச்சான் என்னைப் பார்த்த பார்வையும் மாறியிருந்தது. கோளாறு வந்தால் எரிய வேண்டிய விளக்கு ஒன்று எனக்கு முன்னாலேயே இருந்திருக்கிறது. அதன் பல்பு எப்போதோ போயிருந்தது. அதையும் மாற்றினார்.

சோலனாய்டு சென்னையிலிருந்து பார்சலில் வர எட்டு நாள் ஆனது. வண்டி மரத்தடியில் கிடந்தது. பிற்பகல் 2.25 வரும், நாங்கள் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்திருப்போம். மின்விசிறி சுற்றும். அவள் கண்ணை மூடுவாள், விரல்கள் மூடியே இருக்கும். ஒரு நாள் அப்படி உட்கார்ந்தபடி அவள் நோட்டை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு, நிதானமாக வாசித்தாள். இரண்டு வருடத்துத் தூக்கத்தையும் அவள் வாசித்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"உலுக்கல் வர்றதுக்கு முந்தி எல்லா நாளும் வீடு வந்ததும் முழிச்சேன்னு எழுதியிருக்கீக."

ஆமாம், வண்டி நின்றதும் விழித்துவிடுவாய் என்றேன்.

"வண்டி நிக்கிறதுக்கு நான் முழிக்கிறதில்ல. நின்னப்புறம் டப்புன்னு அந்த மூடியத் தொறக்கீகல்ல, அதுக்குத்தான் முழிக்கேன். என்னமோ ஆயிருச்சுன்னு ஒவ்வொரு நாளும் நெஞ்சு அடிச்சுக்கும். அப்புறம் நீங்க திருகுறதப் பாத்ததும் சரியாப் போகும்."

நோட்டை வாங்கிப் பார்த்தேன். வீட்டை அடைந்த நேரம் ஒரு கட்டத்தில், விழித்த நேரம் இன்னொரு கட்டத்தில். எல்லா நாளும் ஒரு நிமிடம் அல்லது இரண்டு நிமிடம் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை என் கையாலேயே ஐந்நூறு தடவைக்கு மேல் எழுதியிருக்கிறேன். ஒரு தடவையும் அதைப் படிக்கவில்லை.

ஜூலை 20, வெள்ளிக்கிழமை, பாய் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றி, கறுத்துப்போன எண்ணெயை வடித்து, சோலனாய்டை மாற்றினார். பழையதை என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரலை விடக் கொஞ்சம் பெரியது. எங்கள் கம்பெனியில் சின்ன வெடிகள் அந்த அளவுதான் இருக்கும். காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஆடிக் காற்று. வானத்தில் மேற்கே கொஞ்சம் மேகம், மழை தராத மேகம். 2.25க்குக் கிளம்பினோம். 2.33க்கு அவள் விரல்கள் விரிந்தன. பதினாறு, பதினேழு. சூரியகாந்திக் காட்டில் பூவெல்லாம் முற்றித் தலைகவிழ்ந்திருந்தன. பதினெட்டு. வண்டிக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது எனக்குத் தெரிந்தது. தூக்கத்தில் ஒருவர் புரண்டு படுப்பது மாதிரி அவ்வளவு மெல்ல. இருபது. சாத்தூர்ப் பாலம். இருக்கன்குடி மணலில் வெயில் ஜொலித்தது. கோயிலுக்கு முன்னால் வட்டம் அடிக்கும்போது அன்று இரண்டு கையையும் எடுத்துவிட்டேன், ஒரு நொடிக்கு.

வீட்டு வாசலில் வேம்பின் நிழலில் நிறுத்தியபோது மணி 4.05. இன்ஜினை நிறுத்தினேன். கை, பிடிக்குப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால், அந்த மூடிக்குக் கீழே, கம்பி மாட்டியபடியே இருந்தது. யாரும் தடுக்காமல் நானாக அப்படி விட்டது பதினைந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஒவ்வொரு சத்தமும் எனக்குக் கேட்டது: ஆறுகிற இன்ஜின் டிக் டிக் என்பது, வேப்பம்பழம் கூரையில் விழுவது, பக்கத்துத் தெருவில் ஒருவர் சைக்கிள் மணி அடிப்பது. எது பொறி, எது பொறியில்லை என்று பிரித்துக்கொண்டே இருந்தேன். வேம்பின் நிழல் அவள் மடியில் இருந்து தோளுக்கு ஏறியது, தோளிலிருந்து கன்னத்துக்கு. நான் அசையவில்லை. இடையில் எப்போதோ எனக்கும் கண் மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்து வேப்பம்பழங்களின் எண்ணிக்கை என்னிடம் இல்லை.

5.21க்கு அவள் தானாக விழித்தாள். எங்கே இருக்கிறோம் என்று பார்த்தாள். வீட்டைப் பார்த்தாள், பிறகு மூடியிருந்த முன்மூடியைப் பார்த்தாள்.

"கழட்டலையா?"

"இல்ல."

"பயமா இல்லையா?"

"இருக்கு."

அவள் கையை நீட்டி என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தாள், காகிதத்தில் சுற்றிய அந்தச் சாமான் இருக்கிறதா என்று. பிறகு கதவைத் திறந்து இறங்கி, அடுப்பில் பால் வைக்க உள்ளே போனாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே நோட்டை எடுத்து எழுதினேன். தூக்கம், 168 நிமிடம். சாயங்காலம் மகன் பேசும்போது கோயம்புத்தூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதையும் ஓரத்தில் குறித்தேன். அதற்குக் கீழே மதுரையில் சோதித்த கட்டணம், சோலனாய்டு, பார்சல், எண்ணெய், வடிகட்டி, அடித்தட்டுக்கு ரப்பர் பேக்கிங், பாயின் கூலி ஆகியவற்றை வரிசையாகப் போட்டுக் கூட்டினேன். பல்புக்குப் பாய் காசு வாங்கவில்லை. மொத்தம் 13,730 ரூபாய்.